பேய் பங்களாவில் பிடித்த கை

நர்ஸிங் ஹாஸ்டலில் எனக்கு வைத்த பெயர் மிளகாய். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, போகப் போகத் தெரியும். நடக்கத் தெரியாமல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு எக்ஸ்பிரஸ். மூன்றாமவள் தொட்டாச்சிணுங்கி. கூப்பிட நீளமாக இருக்கிறதென்று சிணுங்கி ஆக்கிவிட்டோம். ஒரே அறை, மூன்று கட்டில், மூன்று முகத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. இது சிணுங்கியின் கதை.

அவளுக்குச் செத்த உடம்பைக் கண்டால் ஆகாது. நர்ஸாக வந்தவளுக்கு இது என்ன வியாதி என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்டுப் பார்த்துவிட்டோம். முதல் தடவை, இறந்துபோன ஒரு பெரியவரின் முகத்தை மூடப் போனவள் அவர் மேலேயே சாய்ந்தாள். இரண்டாம் தடவை கையிலிருந்த மருந்துத் தட்டோடு விழுந்தாள். பெரிய சிஸ்டர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ விழுந்தா பெட்டியக் கட்டிக்க. திங்கக்கிழமையிலேருந்து உனக்கு ஆண்கள் வார்டு. அங்க வாரத்துக்கு ஒருத்தராவது போவாங்க."

பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்? என் சொந்தக் காலில் நிற்பேன் என்று அண்ணனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவள். திரும்பிப் போனால் அண்ணி வாசலிலேயே வைத்துச் சிரிப்பாள். சனிக்கிழமை முழுக்கக் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பாசம் வந்தாலும் எனக்கு அப்படித்தான் வரும்.

எக்ஸ்பிரஸ்தான் வழி சொன்னாள். "மைதானத்துல பொருட்காட்சி போட்டிருக்காங்க. அதுல பேய் பங்களா இருக்கு. கடைசி ரூம்ல ஒரு பொணம் படுத்திருக்குமாம், கிட்ட போனா எழுந்து கத்துமாம். இவளக் கூட்டிட்டுப் போய்த் தொட வைப்போம். முள்ள முள்ளாலதான் எடுக்கணும்."

ஞாயிறு மதியம், மண்டையைப் பிளக்கும் வெயில். பேய் பங்களா என்றால் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே கறுப்புத் துணி, அவ்வளவுதான். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நுழைந்தோம். மேலேயிருந்து கூந்தல் இறங்கி முகத்தில் உரசியது. "யாரும்மா அது, தலை சீவாம வந்தது?" என்றாள் எக்ஸ்பிரஸ். கயிற்றில் எலும்புக்கூடு ஆடியது. விலா எலும்பு இரண்டு குறைகிறது என்று நான் எண்ணிச் சொன்னேன். எங்கள் ஆட்டம் இப்படிப் போக, சிணுங்கியின் நகம் மட்டும் என் தோளில் ஆழமாகப் பதிந்துகொண்டே வந்தது.

கடைசி அறையில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. ஸ்ட்ரெச்சரில், முகமெல்லாம் வெள்ளைப் பவுடர் அப்பி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஓர் ஆள். கிட்டே போனோம். எழவில்லை. இன்னும் கிட்டே போனோம். அப்போதும் எழவில்லை.

"ஐயா, நாங்க டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கோம். எழுந்திருங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"வேலை நேரத்துல தூங்குறான் பாரு!" என்று நான் கத்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிணுங்கியை முன்னால் தள்ளிவிட்டேன். "தொடு. தொட்டுட்டா வெளிய போயிடலாம்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வேறு யாராவது என்றால் காலைத் தொட்டிருப்பார்கள். இவளுடைய விரல் இரண்டு வருஷப் பழக்கத்தில் நேராக மணிக்கட்டுக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது.

"என்னடி?" என்றேன்.

"நீ சும்மா இரு." என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "பல்ஸ் தாறுமாறா ஓடுது. உடம்பு அனலாக் கொதிக்குது. இவரு நடிக்கல. மிளகா, அந்தக் கறுப்புத் துணியக் கிழி, காத்து வரட்டும். எக்ஸ்பிரஸ், தண்ணிக்கு ஓடு!"

கிழித்தேன். எக்ஸ்பிரஸ் தன் பெயருக்கு ஏற்றபடி ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று கைதட்டினார்கள். நான் திட்டிய திட்டில் கைதட்டல் நின்றது. கயிற்றை விட்டுவிட்டு எலும்புக்கூட்டுக்காரர் ஓடி வந்து அட்டையால் விசிறினார். போர்வையை நனைத்து நனைத்துப் போட்டோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் சிணுங்கி அந்த மணிக்கட்டை விடவில்லை.

அந்த ஆள் மெல்லக் கண் விழித்தார். எதிரே மூன்று முகங்கள். பாவம், பழக்கதோஷம். தலையைக் கொஞ்சம் தூக்கி, நோஞ்சான் குரலில் "ஹா..." என்று எங்களைப் பயமுறுத்தினார்.

சிணுங்கி மயங்கி விழுந்தாள்.

அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவைத்தோம். சிணுங்கி விழுந்ததைப் பெரிய சிஸ்டரிடம் மூச்சு விடக் கூடாது என்று மூவரும் சத்தியம் செய்தோம். "செத்தவரப் பாத்து விழுந்தாதான் பெட்டி. பொழச்சவரப் பாத்து விழுந்தா அதுல சேராது" என்று எக்ஸ்பிரஸ் தீர்ப்பு வேறு சொன்னாள்.

புதன்கிழமை ஆண்கள் வார்டில் ஒருவர் இறந்துபோனார். போர்வையோடு சிணுங்கி கட்டிலருகே போவதை நானும் எக்ஸ்பிரஸும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போர்வையைக் கீழே வைத்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கையை நெஞ்சின் மேல் வைத்து, முகத்தை மூடினாள். விழவில்லை.

அன்று பிடித்த பழக்கத்தை முப்பத்துநாலு வருஷம் விடவில்லை. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகும் அவளுக்கு ஒரு நிமிஷம் வேண்டும். "டாக்டர் சொல்லியாச்சு, இன்னும் என்னடி?" என்பேன். "அவரு பாத்தாரு. நான் பாக்க வேணாமா?" என்பாள். எக்ஸ்பிரஸுக்குக் கால் தரையில் நிற்காது. "வாடி சீக்கிரம், அடுத்த வார்டுல வேலை கெடக்கு" என்று பிடுங்குவாள். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எந்த மணிக்கட்டும் திரும்பத் துடித்ததில்லை. அதைச் சொல்லிக் கேலி செய்தால், "அன்னிக்குத் தூங்குறான்னு சொன்னவதானே நீ" என்று ஒரே வரியில் என் வாயை அடைப்பாள். அந்த வரியைக் கேட்பதற்காகவே சில நாள் வேண்டுமென்று கேலி செய்திருக்கிறேன்.

போன வருஷம், அதே ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்குச் சிணுங்கி போய்விட்டாள். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி போர்வையை எடுத்தாள்.

"இரும்மா" என்றேன்.

கடிகாரம் பார்க்க முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. சிணுங்கியின் மணிக்கட்டைப் பிடித்து அறுபது வரை எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடலாம் என்று தலையாட்டினேன்.

எக்ஸ்பிரஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவசரப்படாதடி மிளகா. இன்னொரு நிமிஷம் பாரு."

மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.