இரண்டு வகுப்புக்கும் வந்தவர்

எம்.காம். இரண்டாம் வருடத்தில், தஞ்சாவூரில் நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே மாலை நேரச் சான்றிதழ் படிப்புகள் இரண்டில் ஒரே சமயத்தில் சேர்ந்தேன். திங்களும் புதனும் பிரெஞ்சு. செவ்வாயும் வியாழனும் ஜப்பானிய மொழி. வீட்டுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டு நாளும் கம்ப்யூட்டர் லேப் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பொய் சொல்லக் காரணம் இருந்தது. என் சித்தப்பா மகள் ஜெர்மன் படித்தாள், அந்த ஊருக்கே வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போட்டோ மட்டும் அனுப்பினாள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடுகிற என் அப்பா அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "பிரெஞ்சு சரி, பாண்டிச்சேரி பக்கம் வேலைக்கு உதவும். அதோட நிறுத்திக்க" என்றார்.

நிறுத்த முடியவில்லை. ஜப்பானிய மொழி அறிமுக வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்தேன். வினைச்சொல் கடைசியில் வந்தது, தமிழ் மாதிரியே. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதை அதே வரிசையில் அப்படியே மாற்றிப் போட முடிந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு மொழி இருக்குமா, இதில் எங்கோ குழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் வாரம் சித்திர எழுத்துகள் வந்தன, குழி தெரிந்தது. பிரெஞ்சையோ முதல் நாளே நான் நம்பவில்லை. சொல்லாத எழுத்தை எதற்காக எழுதுகிறார்கள்? இரண்டும் தலைக்குள் கலந்துவிட்டன. பிரெஞ்சு வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது வாய் தவறி ஜப்பானிய மொழியில் "ஹாய்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். சார் நிமிர்ந்து பார்த்து, "ஹலோ" என்றார்.

அந்த மாதம்தான் அவர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. திங்கட்கிழமை பிரெஞ்சு வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தார். செவ்வாய்க்கிழமை ஜப்பானிய வகுப்பிலும் கடைசி பெஞ்சில் இருந்தார். இரண்டிலும் சேர்ந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். மாலையில் பழைய பஸ் ஸ்டாண்டில் என் பஸ்ஸிலேயே ஏறினார். திருக்காட்டுப்பள்ளியில் நான் இறங்கியபோது அவரும் இறங்கினார்.

அப்பாவின் ஆள்தான் என்று முடிவு செய்தேன். இந்த வயதில் யார் இரண்டு மொழி படிக்க வருவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "செவ்வாக்கிழமை லேப் எத்தனை மணிக்கு முடியுது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

அதன்பிறகு நான் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் அமர்ந்து, அவருடைய நோட்டை எட்டிப் பார்த்தேன். அவர் சட்டென்று கையால் மூடிக்கொண்டார். சந்தேகம் உறுதியானது.

அடுத்த வியாழன் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, மரத்தடியில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, அந்தப் பொண்ணு இன்னைக்கும் வந்திருக்கு. என் நோட்டையே பாக்குது" என்றார்.

நேரே போய் நின்றேன். "எங்கப்பாதான உங்கள அனுப்பினாரு?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "உங்கப்பா யாரும்மா?"

"போன்ல யார்கிட்ட பேசுனீங்க?"

"என் சம்சாரத்துக்கிட்ட. நீங்க அந்தக் கைடு அனுப்புன ஆளு இல்லையா?"

 பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் வீடும் திருக்காட்டுப்பள்ளிதான். டூரிஸ்ட் கார் டிரைவர். பெரிய கோயில், பூம்புகார் என்று வெளிநாட்டுக்காரர்களை அழைத்துப் போகிறவர். பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பான்காரர்களும்தான் அதிகம்.

"பின்சீட்ல நம்மளப் பத்தி என்ன பேசுறாங்கன்னு தெரியாம எத்தன வருஷம் ஓட்டுறது? டிரைவருக்குப் பாஷை தெரிஞ்சுபோச்சுன்னா கைடுக்குப் பிடிக்காது. அதான் ரகசியமா வர்றேன்" என்றார்.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. போன வருடம் வயதான ஒரு ஜப்பான் தம்பதியைப் பூம்புகாரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். கைடு தன் வீடு மயிலாடுதுறை என்று பாதியில் இறங்கிவிட்டார். அதன்பிறகு அந்த அம்மா வழியெல்லாம் அழுதார். மறுநாள் வேறு டிரைவர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கைடு, "அவங்களுக்கு உங்களப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னாராம்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அந்தம்மா ஒரே வார்த்தைய திரும்பத் திரும்பச் சொன்னாங்க. கோவை, கோவைன்னாங்க. கோயம்புத்தூருக்குப் போகணும் போல, ரயிலுக்கு நேரமாச்சுன்னு அழுவுறாங்கன்னு நெனச்சேன். அதான் வேகமா ஓட்டுனேன்."

 அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்திருந்தோம். சவாரி இருந்ததால் அன்று அவர் வகுப்புக்கு வரவில்லை. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டாலும் அடுத்த வாரம் புத்தகத்தில் அவரே பார்த்துவிடுவார்.

"அது ஊர் இல்லண்ணே. 'கொவாய்'னா பயமா இருக்குன்னு அர்த்தம்."

அவர் கண்ணாடி டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார். "பயமா இருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அவங்க சொல்லச் சொல்ல நான் ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கேன்" என்றார்.  பஸ்ஸில் முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னது தப்போ என்று எனக்கு உறுத்தியது. கூடவே, என் வீடு எதுவென்று விசாரித்து அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அவ்வளவு கேட்ட பிறகும் அவரை முழுதாக நம்ப எனக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் வந்தார். ஜப்பானிய வகுப்பு தொடங்கும் முன்பே எழுந்து நின்று, 'மெதுவாகப் போகட்டுமா?' என்று எப்படிக் கேட்பது என்று டீச்சரிடம் கேட்டார். மறுநாள் பிரெஞ்சு சாரிடமும் அதையே கேட்டார். இரண்டையும் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டதாக என்னிடம் சொன்னார். கைடு பார்த்துவிட்டாரா என்று கேட்டேன். "பாக்கட்டும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைய நடவு முடிந்து வந்து பம்புசெட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப லேப்னு சொன்னது?"

"லேப் இல்லப்பா. ஜப்பானிய வகுப்பு."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "வேற என்ன மறைச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தினமும் வகுப்பறையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். முதல் போட்டோவுக்கே போன் வந்துவிட்டது.

"கடைசி பெஞ்சில ஒரு ஆளு உக்காந்திருக்காரே, அவரு யாரு?"

டிரைவர் என்றேன். டிரைவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. அடுத்த வாரம் நடவு வேலையையும் விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கே வந்து, அவரோடு அரை மணி நேரம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை.

பரீட்சையில் நான் இரண்டிலும் தேறினேன். அவர் ஜப்பானிய மொழியில் தேறினார், பிரெஞ்சில் தவறிவிட்டார். இப்போது நான் சென்னையில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு வாரப் பயிற்சிக்கு ஒசாகா போகச் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். திரும்பி வருகிற டிக்கெட்டையும் அனுப்பச் சொன்னார்.