ஹேனி விழுங்கிய வரி

நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே ஆம்ப்ரோஸ் ஹேனி உதட்டை அசைக்கிறார். சத்தம் வராது. ஓர் இழுப்புக்கு ஒரு வரி. ஓரிடம் வந்ததும் வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டுகிறார். அப்புறம் மறுபடி இழுப்பு. பூட்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. எதற்காக என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வாரத்தில் ஆறு நாள் அவர் செருப்புத் தைப்பவர். ஏழாம் நாள் எங்கள் கோயில் உபதேசியார். இந்த வசந்தத்தில் பாதிரியார் சொல்லாமல் கொள்ளாமல் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். முழு ஆராதனையும் இவர் தலையில் விழுந்தது. அதொன்றும் பாரமில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, ஜெபப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். விரித்து வைப்பது மரியாதைக்கு. கண் மேல்விட்டத்தில் இருக்கும், வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

அந்த ஓட்டம்தான் வினையாகிவிட்டது. மே மாதம் வில்லியம்ஸ்பர்க்கில் கூடிய நம்மவர்கள் இங்கிலாந்து ராஜாவோடு உறவை அறுத்துக்கொண்டார்கள். ஜூனில் வர்ஜீனியாவுக்குத் தனி அரசு, தனி கவர்னர். ஜூலையில் கோயில்களுக்கு உத்தரவு வந்தது: ஜெபத்தில் ராஜாவின் பெயர் இனி வரக்கூடாது. ‘கர்த்தரே, ராஜாவைக் காத்தருளும்’ என்ற வரியின் மேல் ஹேனி கோந்து தடவிக் காகிதம் ஒட்டினார். புத்தகத்தில் ஒட்டி என்ன பயன்? வரி இருந்தது நாக்கில்.

உத்தரவு வந்த முதல் ஞாயிறு, “கர்த்தரே, ரா” வரைக்கும் போய்விட்டார். அப்படியே இருமலாக மாற்றி, முகம் சிவக்க இருமித் தீர்த்தார். நான் இரண்டாம் பெஞ்சில் இருந்தேன். முதல் பெஞ்சில் ஸ்பென்சர் டெப்ஸ் இருந்தார். ஆற்றங்கரைப் புகையிலை நிலமெல்லாம் அவருடையது. ராஜா பக்கம் சாய்பவர்களைக் கண்காணிக்கும் மாவட்டக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். மறுநாள் கடை வாசலில் குதிரையை விட்டு இறங்காமலே பேசினார்.

“இருமல் எப்படிடா இருக்கு ஹேனி?”

“இப்ப பரவால்லீங்க ஐயா.”

“நல்லா கஷாயம் குடி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துச்சுன்னா எங்கிட்ட வேற மருந்து இருக்கு. வண்டியிலயே கொண்டாந்துடறேன்.”

என்ன மருந்து என்று கேட்க வேண்டியதில்லை. போன மாதம் பக்கத்து ஊர் வாத்தியார் சாராயக் கடையில் ராஜாவின் ஆரோக்கியத்துக்குக் குடித்தார். கொதிக்கும் தாரை ஊற்றி, தலையணையைக் கிழித்து இறகு ஒட்டி, ஊர்வலம் விட்டார்கள். தோல் உரிந்த இடத்தில் இன்னும் துணி ஒட்டுகிறதாம்.

அன்றிலிருந்து ஹேனிக்குச் சோளரொட்டி இறங்கவில்லை. சீட்டாட்டத்தில் ராஜா வந்தால் “தாடிக்காரன்” என்று சொல்லி இறக்குகிறார். தினம் சாயங்காலம் மனைவி டார்க்கஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல வைக்கிறாள். அந்த இடம் வந்ததும் தொடையில் ஒரு கிள்ளு. தொடை நீலம் பாரித்துவிட்டது.

“பேசாம உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கங்கண்ணே,” என்றேன்.

“படுத்தா ராஜா விசுவாசின்னுவாங்க தம்பி. எந்திரிச்சு ராஜா பேரை விட்டுட்டுப் படிச்சா, ஆத்துல நிக்கிற ராஜா கப்பல்காரன் துரோகிம்பான். இவங்க ஜெயிச்சா தாரு, அவங்க ஜெயிச்சா கயிறு.” சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். “நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாத.”

அந்த ஞாயிறு வந்தது. புழுக்கம் தாங்காமல் கோயில் கதவிரண்டையும் விரியத் திறந்திருந்தோம். வெளியே ஓக் மரத்தடியில் துப்பாக்கிகளோடு கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். மலைப்பக்கத்து ஆட்கள், எங்கள் சபையில்லை, உள்ளே வரமாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு வண்டி. வண்டியில் மூடி போட்ட பீப்பாய். டெப்ஸ் சொன்ன சொல் தவறவில்லை.

ஹேனி ஆரம்பித்தார். டார்க்கஸ் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக அந்த இடம் நெருங்க நெருங்க, இவர் வாய் தப்பிவிடக்கூடாதே என்று நானே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இடம் வந்தது. ஹேனி வாயை மூடினார். மூச்சைப் பிடித்தார். கடையில் பழகியபடியே, அந்த வரி முழுவதும் ஓடி முடியும் நேரத்துக்கு மூடியே வைத்திருந்தார். ஒரு எழுத்து வெளியே வரவில்லை.

அந்த இடைவெளி முடிந்த அதே நொடியில், பிறந்ததிலிருந்து பழகிய நேரக்கணக்குத் தவறாமல், கோயில் முழுவதும் பதில் சொன்னது:

“எங்கள் கூப்பிடுதலைக் கிருபையாய்க் கேட்டருளும்!”

ராஜாவைக் காக்கச் சொல்லும் வரிக்கு உண்டான பதில் அது. வரியை யாரும் சொல்லவில்லை. பதிலை எல்லோரும் சொல்லிவிட்டோம். நானும் சொன்னேன். எல்லோருக்கும் மேலே, வெளியே மரத்தடி வரைக்கும் கணீரென்று கேட்டது டெப்ஸின் குரல்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. டெப்ஸின் பின்கழுத்தில் வேர்வை ஓடியதைப் பார்த்தேன். வெளியே பேச்சு நின்றது. மரத்தடியில் ஒருவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்து, கோயிலைப் பார்த்துத் தலையைத் திருப்பினான். டெப்ஸ் மெல்ல முகத்தை உயர்த்தி ஹேனியைப் பார்த்தார்.

ஹேனி மேடையை விட்டு இறங்கினார். எங்கள் நடுவே, அவசரப்படாமல், வாசல் வரை நடந்தார். கதவிரண்டையும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார்.