கிராணியம்மா கொடுத்த கம்பளிச் சட்டை

மகளுக்கு வட இந்தியாவில் காலேஜ் கிடைத்தது. விடுதியில் குளிர் எலும்பைக் கடிக்குமாம். ஈஜோக் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் கண்டது விடியற்காலைக் குளிர்தான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். கொடுத்ததை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்தார். அடுத்தவர் உடுத்தியதை அப்படியே போடக் கூடாதே என்று மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தேன். சுருங்கி, கைக்குழந்தைச் சட்டையாகிவிட்டது.

மறுநாளே கிராணியம்மா வந்துவிட்டார்.

"மகளைப் போட்டுக் காட்டச் சொல்லு லா. நான் கொடுத்தது எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

"பெட்டியில அடுக்கியாச்சு, கிராணியம்மா" என்றேன்.

மகள் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து நீட்டினாள். "உங்க பேரனுக்குச் சரியா இருக்கும், கிராணியம்மா."

அவர் வாங்கிக்கொண்டு போனார். குளிருக்கு, அவள் அப்பா பால் வெட்டப் போடும் கோட்டை மடித்து வைத்தேன். ரப்பர் பால் நாற்றம்தான். ஆனாலும் அதற்காக யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை.