லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்

பழுதாகி நின்ற வண்டியைக் கட்டி இழுப்பவனுக்கு நடுரோட்டில் கிடைக்கிற மரியாதை, இழுத்துக்கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் விட்டதும் தீர்ந்துபோகும். ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில், மொய்து இக்காவின் ஒர்க்‌ஷாப்பில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து போனவன் நான். வேலுச்சாமி என்ற என் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தமிழ் பேசினால் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

என் வண்டி ஒரு பழைய பிக்கப் ஜீப். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தது. பின்னால் ஒரு கொக்கி. டீசல் விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. ஒருநாள் இக்கா கூப்பிட்டு, வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, பெருநாளுக்குள் பத்து வராவிட்டால் வண்டியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெருநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் மணியார்டரை நம்பி இருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். யோசனை சொல்லுவதற்கு மட்டும் அந்த ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

மிளகாய்த் தூசி

முதல் யோசனை, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது. எஞ்சினுக்கு மூச்சு முட்டினால் டீசலை அதிகமாகக் குடிக்கும் என்றார்கள். சரியான பேச்சுதான். எங்கள் வண்டி நாள் முழுக்க நிற்பது மளிகைக் கிட்டங்கிகளுக்கு நடுவில். அங்கே மிளகாய் மூட்டையும் சுக்கு மூட்டையும் இறங்காத நாளில்லை. ஃபில்டரைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேலென்று ஒரு படி தூசி. மதிய நேரமாகப் பார்த்து, தெருவில் நின்று, காற்றடிக்கிற குழாயை வைத்து ஒரே ஊதாக ஊதினேன்.

சுமட்டுத் தொழிலாளிகள் அப்போதுதான் மூட்டையை இறக்கிவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். தெரு முழுக்கத் தும்மல். அவர்களுடைய தலைவர் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக என்னை நோக்கி வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரால் அடிக்கிற அளவுக்கு என்னைப் பார்க்க முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, டீசல் லாபம் உன் முதலாளிக்கு. அழறது மாத்திரம் நாங்களோ?”

பாரம் குறைத்தது

தூசி போனதில் கரும்புகை குறைந்தது. மைலேஜ் அரை கிலோமீட்டர் ஏறியது. இக்காவுக்கு அது போதவில்லை. வண்டியில் வேண்டாத பாரம் ஏகப்பட்டது இருக்கிறது என்று அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஸ்டெப்னி போயிற்று. பெரிய ஜாக்கி போயிற்று. பின்னால் இருந்த இரும்புப் பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி மூலையில் வைத்தோம். வண்டி உண்மையிலேயே துள்ளிக்கொண்டு போயிற்று.

மறுநாள் களமசேரியில் ஒரு ஃபாக்டரி மானேஜரின் கார் நின்றுவிட்டதென்று போன் வந்தது. அவ்வளவு தூரம் காலைப் பதமாக வைத்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கொக்கியைச் சரிபார்த்துவிட்டுச் சங்கிலியை எடுக்கப் பின்னால் கையை விட்டேன். சங்கிலியும் கயிறும் இரும்புப் பெட்டியில் இருந்தன. பெட்டி மட்டாஞ்சேரியில் இருந்தது. மானேஜரிடம், சார், கயிறு ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தன் வாட்ச்மேனைப் பார்த்துப் பேசினார்: “கட்டி இழுக்க வந்தவன் என்கிட்ட கயிறு கேக்குறான். அடுத்த தடவை வண்டியும் நம்மளே கொடுத்துரலாம்டோ.”

மூங்கில் குச்சி

டீசல் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. அதனால் இக்கா ஒரு மூங்கில் குச்சியில் கோடு கோடாக வெட்டி வைத்திருந்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, டாங்கின் வாய்க்குள் குச்சியை விட்டு எடுத்து, எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் என் தலைவிதி.

ஒர்க்‌ஷாப் முற்றம் பின்னால் இருந்த காயல் தண்ணீரைப் பார்த்துச் சரிந்திருக்கும். வண்டியை எப்போதும் காயலைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். ஒரு வாரம் முற்றத்தில் யாருடைய லாரியோ கிடந்ததால், சாயங்காலம் திரும்பி வந்ததும் தெருவைப் பார்த்து நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் நாளே, காலையில் அளந்ததைவிட இரண்டு கோடுதான் குறைந்திருந்தது. இக்கா கணக்குப் போட்டார். லிட்டருக்கு ஒன்பதரை! அன்றைக்கு எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் அவர் செலவு. நானும் வெட்கமில்லாமல் இரண்டு தின்றேன்.

சனிக்கிழமை லாரி போய்விட்டது. வழக்கம்போல வண்டியைக் காயல் பக்கம் திருப்பி நிறுத்தினேன். ஒரு சொட்டு டீசல் செலவாகாமல் குச்சியில் மூன்று கோடு காணாமல் போயிற்று. விஷயம் இதுதான்: சரிவில் நிற்கிற வண்டியில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும்; டாங்கின் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் குச்சி காட்டும். எதிரே சாயாக்கடை வைத்திருந்த வர்க்கி சேட்டன் முதலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இக்காவிடம் சொன்னார்: “திருப்பி நிறுத்தினா டீசல் கூடுமெங்கில், நாளை முதல் நான் சமோவரைச் சரிச்சு வெச்சு சாயா அடிக்கிறேன் இக்கா.”

பாலத்து இறக்கம்

அதன் பிறகு பெட்ரோல் பங்க்கில் டாங்கை நிறைத்து அளக்கத் தொடங்கினோம். பழையபடி ஏழரை. பெருநாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. லாரிக்காரர்கள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள்: இறக்கத்தில் நியூட்ரலில் விடு. நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். பயம் பிடித்து ஆட்டுகிறவன் எதையும் செய்வான், நான் செய்தேன்.

அன்றைக்கு எறணாகுளத்திலிருந்து ஒரு வக்கீலின் அம்பாசிடரை இழுத்து வந்தேன். வக்கீலே உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். தோப்பும்படிப் பாலத்தில் ஏறி, இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்று பார்த்தால், மெதுவாக நிற்கப் பார்த்தது. பின்னால் ஒரு இடி. கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடி. அம்பாசிடர் தன்பாட்டில் இறங்கி வந்து எங்களை முட்டிக்கொண்டிருந்தது. பாலம் முடிந்ததும் வக்கீல் இறங்கி வந்தார். வளைந்த பம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோர்ட்டில் கேட்பதைப் போலவே நிதானமாகக் கேட்டார்: “சத்தியம் சொல்லணும். நீ என்னை இழுத்து வந்ததா, நான் உன்னைத் தள்ளி வந்ததா?”

என் கை செய்த வேலை

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எஞ்சின் ஓடாத கார் தானாக இறங்குகிறது, என் வண்டி ஏன் இறங்கவில்லை? மறுநாள் காலையில் இக்கா வருவதற்குமுன் பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். கால் சுற்று சுற்றி நின்றுகொண்டது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

பிடிக்க வைத்தவன் நான்தான். போன வருஷ மழைக்காலத்தில் வண்டி முற்றத்துச் சரிவில் தானாக நகர்ந்து, முன்சக்கரம் காயலின் ஓரத்தில் தொங்கியது. அன்றைக்கு விழுந்த பயத்தில், மாதம் பிறந்ததும் ஸ்பேனரை எடுத்து பிரேக்கை ஒரு பல் அளவு இறுக்கி வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தேயத் தேய இறுக்கினேன். ஒரு வருஷமாக, கொக்கியில் மாட்டிய வண்டியோடு என் பிரேக்கையும் சேர்த்து இழுத்திருக்கிறேன். அளவாகத் தளர்த்தினேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

அடுத்த தடவை டாங்க் நிறைத்தபோது பத்துக்கு மேலேயே வந்தது. என்ன செய்தாய் என்று இக்கா கேட்டார். உண்மையைச் சொன்னால், ஒரு வருஷ டீசலை எரித்தவன் என்று அன்றைக்கே தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற பக்குவத்தில் இருக்கிறது, எல்லாம் கால்தான் இக்கா என்று சொல்லிவிட்டேன். வாய் கூசத்தான் செய்தது. அவர் தெருவையே கூப்பிட்டு என் வலது காலைக் காட்டினார்: “பாருங்கடா! பொன்னு நிறுக்கிற தட்டானுக்குக் கை எப்படியோ, இவனுக்கு இந்தக் காலு அப்படி.”

பெருநாளுக்கு ஐந்து நாள் முன்

அக்கரையில் வைப்பின் தீவில் ஐஸ் வியாபாரம் செய்யும் லோனப்பன் சேட்டன் வந்தார். படகுகளைக் கரையில் இழுத்துப் போடவும் ஐஸ் வண்டியை இழுக்கவும் அவருக்கு ஒரு ஜீப் தேவைப்பட்டது. மைலேஜ் பேச்சு அக்கரை வரை போயிருந்தது. பாலம் வரை ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. இக்கா விற்றுவிட்டார். பத்து வந்துவிட்டதே இக்கா, அப்புறம் ஏன் விற்றீர்கள் என்று கேட்டேன். இக்கா இரக்கத்தோடுதான் சொன்னார்: “பத்து வந்ததாலல்லே வித்தேன் அண்ணாச்சி. ஏழு கொடுக்கிற வண்டியை எந்த மடையன் வாங்குவான்?”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானே பாடுபட்டு என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டேனே என்றிருந்தது. ஒரு நிமிஷம் ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்ததும் உண்மை. பிறகு வைத்துவிட்டேன். மறுநாள் லோனப்பன் சேட்டன் வந்தபோது சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியும் படுக்கையுமாக ஒதுங்கி நின்றேன். அவர் ஏறி உட்கார்ந்தார். ஆக்ஸிலேட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு செருப்பில் இருந்த என் வலது காலைப் பார்த்தார். இறங்கிப் பக்கத்து சீட்டுக்குப் போனார்: “வண்டியை நான் வாங்கியாச்சு, சரி. இந்தக் காலில்லாம இது பத்து கொடுக்குமோ? ஏறு அண்ணாச்சி.”

வண்டி ஏற்றும் ஜங்கார் படகில் வண்டியோடு நானும் அக்கரை போய், எட்டு வருஷம் அங்கேயே ஓட்டினேன். பிரேக்கை இறுக்கியது கை, பெயர் வாங்கியது கால், மூச்சு விடாமல் இருந்தது வாய், எட்டு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டது வயிறு.