விராலுக்குப் பாதி செஸ்ட்

ஸ்டெல்லா டீச்சரம்மா தவறிவிட்டார்கள் என்று பாத்திமா வந்து சொன்னாள். பனியன் கம்பெனி வேன் முதன்முதலாக எங்கள் சேவூருக்குள் வந்து பெண்களை ஏற்றிப்போன வருசம் டீச்சரம்மாவும் வந்தார்கள். அந்த ஐப்பசியில்தான் குளம் தளும்பியது.

கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர்கள். விராலில் ஆண் எது, பெண் எது என்று வயிற்றைக் கிழிக்காமல், உடம்பளவை வைத்தே சொல்ல முடியுமா என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. குளத்தில் வலை போடுகிற என்னிடம் மீனை உயிரோடு கேட்டார்கள். எனக்கும் ஒரு காரியம் இருந்தது. என் கிணற்றில் ரெண்டு தடவை விரால் விட்டும் குஞ்சு பொரிக்கவில்லை. ஜோடி பார்த்துக் கொடுத்தால் வேண்டிய மட்டும் அளந்துகொள்ளுங்கள் என்றேன்.

டேப் பிடிக்கப் பக்கத்து ஊட்டுப் பாத்திமா வந்தாள். கம்பெனியில் தைத்த பனியனுக்கு அளவு பார்க்கிற செக்கிங் வேலை. வயிற்றைச் சுற்றி அளக்கச் சொன்னால், அவள் கைப்பழக்கத்தில், பனியனை மேசையில் விரிக்கிற மாதிரி மீனை ஈரச்சாக்கில் படுக்க வைத்து, குறுக்கே அளந்து இரட்டித்துச் சொல்லிவிட்டாள். மீனின் கனம் அதில் சேரவில்லை. கணக்குப் போட்டால் அண்டாவில் கிடந்த அத்தனையும் ஒல்லி; பெண்ணுக்குத்தான் வயிறு பருக்கும் என்பதால் அத்தனையும் ஆண்.

"கம்பெனியில மாரளவுக்குப் பாதி செஸ்ட்தானுங்க டீச்சர் எடுப்போம்" என்றாள், அழுகிற மாதிரி.

"ஏங் கண்ணு, குளத்துல ஒரு பொம்பளைகூட இல்லாமப் பண்ணிட்டியே" என்று சிரித்தார்கள்.

திரும்ப அளந்தோம். துள்ளுகிற மீனைச் சுற்றி அளந்தால் தடவைக்கு ஒரு அளவு வந்தது. படுக்க வைத்தால் மாறவே இல்லை. டீச்சரம்மா யோசித்து, இரட்டிக்காமல் அந்தக் குறுக்களவையே வைத்துக்கொண்டார்கள். அடிவயிற்றுத் துடுப்புக்கும் பின்துடுப்புக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்த்து, ரெண்டைப் பொறுக்கினார்கள்.

"இந்த ஜோடியைக் கிணத்துல விடுங்க. குஞ்சு வரலீன்னா என்ர ஆராய்ச்சியையும் இந்தக் கிணத்துலயே போட்டறலாம்."

அடுத்த மழைக்கு, தண்ணீர் மேல் குங்குமம் கொட்டினாற்போல் செவப்புக் குஞ்சுக் கூட்டம். கீழே காவலுக்கு ரெண்டு கறுப்பு முதுகு. ஆள் அனுப்பினேன். டீச்சரம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, பொழுது இறங்குகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி உடுமலைக்குப் போன பிறகும் வருசா வருசம் வந்தார்கள். வந்ததும், "பாதி செஸ்ட் எங்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். பாத்திமாவுக்கு அதுவே பேராகிவிட்டது.

சேதி சொன்னவள், "இனி அப்படிக் கூப்பிட ஆருங்க இருக்காங்க?" என்றாள். கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். இந்த வருசக் கூட்டம் செவசெவ என்று சுற்றிக்கொண்டிருந்தது.

நிம்மதியாய்ப் போய் வாருங்கள், டீச்சரம்மா. கூப்பிட நான் இருக்கிறேன். நானும் அங்கே வந்துவிட்டால், இந்தக் கதையைச் சொல்லப் பாதி செஸ்ட் பாத்திமா இருக்கிறாள்.