கிழித்துக் கொடுத்த தாள்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு முகம் வரைவதும் கலவை அளவுகளைக் குறித்துவைப்பதும் என் வேலை. இப்போது சட்டைப்பையில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன்: படம் வரையக் கோடில்லாதது, கலவை அளவு எழுதக் கோடு போட்டது. முன்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

ஒரு வாடிக்கையாளர் என் படத்தைப் புகழ்ந்ததும் உச்சி குளிர்ந்து, அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். பளபளப்புக்குப் பூசும் கிளேஸின் அளவு அதன் பின்பக்கத்தில் இருந்தது. கிளேஸ் கலக்கும் செல்வி அக்கா கேட்டபோது, ஞாபகத்திலிருந்து ஏதோ சொல்லிவைத்தேன்.

சூளையைத் திறந்தால், பொம்மைகளின் கண்மையெல்லாம் கன்னத்தில் வழிந்திருந்தது.

“கண்ண மூடிக்கிட்டா கலக்குன?” என்று முதலாளி அக்காவைத் திட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் அக்கா வாளியோடு வந்தார். “இந்த வாட்டி நோட்டப் பாத்துச் சொல்லு தம்பி.”

திட்டு வாங்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னது அதற்கப்புறம்தான்.