மாமாவின் திரையில் வராத எண்

என் மாமனாரைத் தம் அறிவின்மேலேயே சந்தேகப்பட வைத்தவள் நான். காரணம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவள். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு கொல்லிமலையில், வாசலூர்பட்டியில். மழை பிடித்தால் கரண்ட் போய்விடும். அதற்காகக் கூரையில் சோலார், கூடத்து மூலையில் பெரிய பேட்டரி. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கைப்பேசிக்குச் சொல்ல, அதன்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. கம்பி கிடையாது, புளூடூத்தான்.

மாமாவுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா! முப்பது வருடம் இந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற கண்களுக்குப் பார்க்க மறுபடியும் ஒன்று கிடைத்துவிட்டது. விடிந்ததும் குரல் கொடுப்பார்:

"கண்ணு, எண்பத்து நாலு இருக்குது. மிஷினைத் தாராளமா ஓட்டு."

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். தைத்தபடியே சார்ஜைப் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் அந்தச் செயலியை என் கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டேன். சத்தியமாக அவ்வளவுதான்...

மறுநாள் அவர் திரையில் 'கருவி கிடைக்கவில்லை' என்று வந்தது.

அணைத்துப் போட்டார். செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். பேட்டரியின் பக்கத்தில் குனிந்து, கைப்பேசியை அதன்மேல் ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து வரைக்கும் வந்துச்சே கண்ணு?"

"நீங்க எதையோ மாத்தி அமுக்கியிருப்பீங்க மாமா" என்றேன், தையலிலிருந்து தலை தூக்காமல். ஒருமுறையா? தினமும்!

அப்புறம் இரண்டு நாள் புளியஞ்சோலையில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே போன் வந்தது. "கண்ணு! வந்துருச்சு! நானே சரி பண்ணிப்போட்டேன்!" அப்படியொரு குதூகலம் அந்தக் குரலில்.

நான் வீடு திரும்பிய பிறகு அவர் செயலியை மூடித் திறந்ததும் மறுபடியும் இணைப்பு போயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியோடுதான் பேசும். நான் வீட்டில் இருக்கும்வரை என் கைப்பேசி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது!

ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அத்தனை நாள் அவரைக் குறை சொன்ன வாய்க்குக் கூச்சம். போதாததற்கு என் கணவர், மாமாவின் காதுபடவே, "அப்பாவுக்கு வயசாயிருச்சு, விடு" என்றார். நானும் தலையாட்டினேன். எல்லாம் தெரிந்த பிறகு... தலையாட்டினேன்!

அடுத்த வாரம் மாமா கைப்பேசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நாமக்கல் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் வருவதற்குள் என் செயலியை அழித்துவிட்டேன். வந்ததும் திறப்பார், எண் தெரியும், நான் பிழைத்துக்கொள்வேன்... இதுதான் என் கணக்கு.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்.

"போன்ல ஒரு கோளாறும் இல்லையாஞ் சாமி. கடைக்காரர் ஸ்பீக்கரோட சேத்துப் பாட்டே போட்டுக் காட்டிட்டாரு. எனக்குத்தான் மண்டையில ஏறமாட்டேங்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"இப்ப ஒருக்காப் பாருங்க மாமா, வரும்."

"வேண்டாங் கண்ணு. நான் தொட்டுக் கெடுத்துப்போடுவேன். இனி நீயே பாத்துச் சொல்லு."

அதன்பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை. செயலியை மறுபடி என் கைப்பேசியில் ஏற்றி, காலையில் நான்தான் எண்ணைப் படித்துச் சொல்கிறேன். தனியாகப் பஸ் ஏறுவதையும் விட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எம் மருமவ இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே ஓடாதுங்க" என்று பெருமையாகச் சொல்கிறார். பெருமையாக!

இன்று சொன்னாலும் மன்னித்துவிடுவார், எனக்குத் தெரியும். இருந்தும் ஏன் நா எழவில்லை? அந்தப் பெருமை எனக்கும் பழகிவிட்டதோ?

நேற்றுக் காலை தம் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எது எதுன்னு கொழம்புது கண்ணு. நீயே எடுத்துக் குடு."

எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். என்ன மாத்திரை என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை அவர். அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.